தண்டலத்து அருள்மிகு சார்ஜர்: ஒரு பக்தனின் விண்ணப்பம்

அனுப்புநர்: மின்சாரக் கார் வாங்கிய பாவி ஒருவன், வாடகை வீடு, ஸ்ரீபெரும்புதூர்.

பெறுநர்: பொது சார்ஜிங் நிலையங்களுக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள், எந்தத் துறையில் இருந்தாலும்.

பொருள்: தண்டலம் நெடுஞ்சாலையோரம் எழுந்தருளியிருக்கும் சார்ஜர் – நடை திறவாமை – பக்தர்கள் சார்பில் பணிவான விண்ணப்பம் – தொடர்பாக.

பார்வை: 1. ஆப்பில் தெரிந்த பச்சைப் புள்ளி. 2. என் மாமியார் என்னைப் பார்த்த பார்வை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கருணையால் சென்ற வெள்ளிக்கிழமை இரவு தண்டலத்தில் எனக்குத் தரிசனம் வாய்த்தது. பிரசாதம்தான் வாய்க்கவில்லை. அதைப் புகாராகச் சொல்ல நான் யார்? நடந்ததைத் தங்கள் திருவடியில் வைக்கிறேன், அவ்வளவே.

போரூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. வைப்பர், ஏ.சி., முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து இழுத்ததில் பூந்தமல்லி தாண்டும்போது பேட்டரி பதினொரு சதவீதம். செம்பரம்பாக்கத்தில் நெரிசல். தண்டலம் வரும்போது நான்கு. டேஷ்போர்டில் ஆமைப் படம் வந்துவிட்டது. இனி மெதுவாகத்தான் ஓடுவேன் என்று வண்டி சொல்லும் முறை அது, கூர்மாவதாரம். ஆனாலும் நான் கலங்கவில்லை. ஆப்பில் தண்டலத்துக்கு நேராகப் பச்சைப் புள்ளி ஒளிர்ந்தது. ‘அவைலபிள்’ என்றும் எழுதியிருந்தது.

உள்ளே திருப்பி நிறுத்தினேன். தகரக் கூரைக்கு அடியில், போன ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் நெற்றியில் காய்ந்திருக்க, சார்ஜிங் கன் மாட்டும் கொக்கியில் சாமந்தி மாலை சருகாகத் தொங்க, தலைக்கு மேல் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிய, சார்ஜர் நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் இருந்த மாமியார் கண்ணாடியை இறக்கிக் கை கூப்பிவிட்டார். “இங்க எப்ப மாப்ள கோயில் கட்டுனாங்க?” என்று கேட்டார்.

அன்றிரவு அந்த இடத்தில் முறைப்படி நடந்து முடிந்த ஒரே காரியம் அந்தக் கும்பிடுதான்.

மற்றபடி எல்லாச் சடங்குகளையும் செய்தேன் ஐயா, குறை வைக்கவில்லை. கியூஆர் கோடைச் சுரண்டித் துடைத்து ஸ்கேன் செய்தேன். ஆப்பை இறக்கினேன். ஓ.டி.பி. என்னும் மந்திரம் காதில் ஓதப்பட்டது. வாலட் என்னும் உண்டியலில் காசு போட்டால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்றது, போட்டேன். உண்டியலில் போட்டதைத் திருப்பிக் கேட்பது மரபில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ‘ஸ்டார்ட்’ என்பதைத் தொட்டேன். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. சுதர்சனச் சக்கரம் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

குடையோடு வந்த வாட்ச்மேன் அண்ணன்தான் ஸ்தல புராணம் சொன்னார். “அது ஓடாது சார். தெறப்பு விழா அன்னைக்கு ஓடிச்சு.” பின்னால் இருக்கும் மெயின் பாக்ஸை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகலாம், ஆனால் பாக்ஸுக்குக் கம்பிக்கதவு, கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி குருக்களிடம். குருக்கள், அதாவது ஆபரேட்டர், வேறு ஐந்தாறு ஸ்தலங்களையும் சேர்த்துப் பார்க்கிறாராம். கஸ்டமர் கேர் அம்மையாரைக் கூப்பிட்டேன். நீண்ட நாதஸ்வரத்துக்குப் பிறகு வந்தார். “எங்க சிஸ்டத்துல சார்ஜர் நல்லாத்தான் இருக்கு சார்” என்றார். நான் அதன் எதிரே நனைந்துகொண்டு நின்றேன். அவர் எந்த ஊரில் இருந்தாரோ, அங்கிருந்து பார்க்கையில் அது நன்றாக இருந்தது.

பிறகு டோயிங் வண்டி வந்தது. தட்டை முதுகு லாரி. என் காரை ஏற்றிக் கட்டினார்கள். மாமியார் டிரைவர் பக்கத்தில் முன்சீட்டில், மடியில் தாம்பூலப் பையோடு. இருங்காட்டுக்கோட்டையில் சிக்னலில் நின்றோம். 1998 முதல் ஹூண்டாய் கார் வெளிவரும் ஊர் அது. 2019இல் கோனா எலெக்ட்ரிக்கை அங்கேதான் பூட்டினார்கள்; 2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலெக்ட்ரிக்கும் அந்த மண்ணில் பிறந்ததுதான். பக்கத்தில் புதுக் கார்களை அடுக்கிய இரண்டு மாடி ட்ரெய்லர் ஒன்று நின்றது. அந்த ட்ரெய்லரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்த ஒரு பைக் பையன் எங்கள் டிரைவரிடம் கேட்டான்: “என்னண்ணே, புது மாடலா?”

“ஆமா தம்பி, டெலிவரிக்குப் போவுது” என்றார் டிரைவர்.

என் மாமியார் அப்போதுதான் என்னைப் பார்த்தார். பார்வை 2 என்று மேலே குறித்திருப்பது அதுவே.

ஐயா, தங்களை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்பதிலேயே எனக்குப் பெரிய குழப்பம். சார்ஜரை ஊக்குவிப்பது மத்திய கனரகத் தொழில் அமைச்சகம். அது எப்படி இருக்க வேண்டும் என்று வழிகாட்டுவது மின் அமைச்சகம். நாடு முழுவதற்கும் ஒருங்கிணைப்பது எரிசக்தித் திறன் பணியகம். கரண்ட் கொடுப்பது மாநில மின்வாரியம். இடம் ஒரு நேரம் நெடுஞ்சாலை ஆணையத்துடையது, இன்னொரு நேரம் பெட்ரோல் பங்க்காரருடையது. மெஷின் தனியார், ஆப் வேறொரு தனியார். 2018 ஏப்ரலில் ஒரு பெரிய உபகாரம் நடந்தது: வண்டிக்குச் சார்ஜ் போடுவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, லைசென்ஸ் வேண்டாம், யார் வேண்டுமானாலும் நிலையம் வைக்கலாம் என்று மின் அமைச்சகம் தெளிவுபடுத்தியது. நல்ல முடிவுதான், குறை சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் பிரதிஷ்டை செய்யலாம். நித்திய பூஜை யார் பொறுப்பு என்பதை மட்டும் யாரும் கேட்டுவைக்கவில்லை.

ஆகம விதிகள் இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், நகரத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று தெளிவாக இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் நாங்கள் திவ்யதேசம். அதே ஆண்டு டிசம்பரில், குடியரசுத் தலைவர் கையால் ‘ஈவி யாத்ரா’ என்ற இணையதளத்தையும் ஆப்பையும் தொடங்கிவைத்தார்கள். யாத்ரா என்று பெயர் வைத்த அந்த மகானைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த மண்ணில் கார் ஓட்டிப் பார்க்காமல் அந்தப் பெயர் ஒருவருக்குத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படும் எதுவும் யாத்திரைதானே.

மெஷின் ஏன் ஓடவில்லை என்று பிறகு விசாரித்தேன். இந்தப் பகுதித் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயர் ஹார்னஸ் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் குவாலிட்டி செக்ஷன். எதற்கும் காரணம் தேடுவது தொழில் வியாதி. சார்ஜருக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது ஐயா. நான் பணம் கட்டியது நிஜம்தான் என்று எங்கோ இருக்கும் சர்வர் அந்த சிம் வழியாகச் சொன்னால்தான் உள்ளே பூட்டு திறக்கும். மழைக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் சிக்னல் போய்விட்டால், கம்பத்தில் கரண்ட் இருக்கும், கேபிளில் கரண்ட் இருக்கும், கன் வாயில் மட்டும் வராது. சில நிலையங்களின் ஆப்பில் உள்ள பச்சைப் புள்ளியோ கடைசியாகக் கேட்ட நல்ல செய்தியைப் பிடித்துக்கொண்டு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். இன்னொரு வகை உண்டு. மெஷினில் ஆபத்துக்கு அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான். விளையாட்டாக ஒரு குழந்தை அழுத்திவிட்டுப் போயிருக்கும். அதை லேசாகத் திருகினால் வெளியே வந்துவிடும், மெஷின் உயிர் பெறும். திருக ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் ‘பழுது’ என்று நிற்கும் சார்ஜர்கள் உண்டு. பழுது நீக்கத் தேவை ஒரு திருகு. ஒரே ஒரு திருகு!

அப்படியே நடை திறந்திருந்தாலும் எந்தச் சன்னிதி யாருக்கு என்ற கேள்வி இருக்கிறது. பழைய பாரத் டி.சி. மெஷினில் 15 கிலோவாட், அதன் கன் இன்றைய கார்களுக்குப் பொருந்தாது. இப்போதைய கார்களுக்கு சி.சி.எஸ். 2 கன். அது ஸ்கூட்டருக்குப் பொருந்தாது. ஸ்கூட்டருக்குக் கம்பெனிக்கு ஒரு பிளக். ‘3.3’ என்று ஆப்பில் போட்டிருக்கும் ஏ.சி. பாயின்டில் ஒரு சின்னக் கார் நிறைய ஏழெட்டு மணி நேரம் ஆகும்; பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டு இருந்தால், ஒரு ஷிப்ட் முழுக்க டீ குடிக்கலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்புக்கும் ஓர் உண்டியல், ஒவ்வொன்றுக்கும் ரகசிய மந்திரம். இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். குரு தனியாகக் காதில் சொன்ன எட்டெழுத்தை, வெளியே சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையையும் தாண்டி, திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கே உரக்கச் சொன்னவர் என்பார்கள். இராமானுஜர் பிறந்த ஊரில், ஒரு கார் சார்ஜ் போட, ஐந்து ஆப்பும் ஐந்து ஓ.டி.பி.யும் கேட்கிறீர்கள் ஐயா. தங்கள் துறையில் யாராவது ஒருவர் ஒரு செல்போன் டவரில் ஏறி, “எல்லாருக்கும் ஒரே ஆப், காசு யூபிஐயில் கட்டினால் போதும்” என்று கத்தக் கூடாதா? நரகத்துக்கு நாங்கள் துணைக்கு வருகிறோம். பழகிய வழிதான்.

தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின் வாகனக் கொள்கையை நான் பாராயணம் செய்திருக்கிறேன். 50,000 கோடி ரூபாய் முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை. அதில் மின் வாகன நகரங்கள் என்று ஆறு பெயர்கள்: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. அங்கெல்லாம் பொதுப் போக்குவரத்தையும் சார்ஜிங் வசதியையும் வளர்ப்பார்களாம். ஆறுபடை வீடு. மகிழ்ச்சி. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் எதுவும் அதில் இல்லை. ஹூண்டாயின் மின்சாரக் கார் பூட்டப்படுவது இந்தப் பகுதியில். மின் வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒரகடத்தில். மடைப்பள்ளிக்குப் பிரசாதம் எதற்கு என்று நினைத்துவிட்டீர்கள் போலும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

இந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருக்கிறவர்கள். ஒரே காம்பவுண்டில் பத்துக் குடித்தனம், அறைக்கு ஆறு பேர், கீழே வரிசையாக பைக். ஸ்கூட்டருக்கு ஒரு பிளக் கேட்டால் வீட்டுக்காரர், “லைன் தாங்காதுப்பா” என்பார். தாங்கும் என்றால் சப்-மீட்டர் வைத்துத் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போடுவார். அபார்ட்மென்ட் என்றால் சங்கத்தில் தீர்மானம் வேண்டும். எங்கள் சங்கத்தில் தீப்பிடித்த ஸ்கூட்டர் வீடியோவை வாட்ஸப்பில் போட்டே என் விண்ணப்பத்தை முடித்துவிட்டார்கள். சொந்த வீடும் போர்ட்டிகோவும் உள்ளவனுக்குப் பொது சார்ஜர் ஒரு வசதி. எங்களுக்கு அது ஒன்றுதான் வழி. அன்றிரவு டோயிங் லாரி என்னை இறக்கிவிட்ட இன்னொரு நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு கால்டாக்சி தம்பி சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தவணையில் எடுத்த வண்டி. அவனுக்கும் முன்னால் இரண்டு வண்டி. “ஏர்போர்ட் டிரிப் ஒண்ணு போச்சு சார்” என்றான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். வண்டி வாங்கும்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று கூப்பிட்டு விற்றார்கள். அவன் அங்கே சார்ஜ் போட்டால் அதற்கு 18 சதவீதம். போர்ட்டிகோ வைத்திருப்பவர் வீட்டில் போட்டால் கரண்டுக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. யாரிடம் இல்லையோ அவனிடமே கூடுதலாக வாங்குவது என்று யார் உட்கார்ந்து முடிவு செய்தது? யாரும் செய்திருக்க மாட்டீர்கள். தானாக நடந்திருக்கும். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அவனுடைய இரவைப் பற்றி யோசிப்பது ஒருவருடைய வேலையாகக்கூட இல்லை.

மன்னிக்கவும் ஐயா. சன்னிதியில் குரல் உயர்ந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பணம் இல்லை என்று தாங்கள் சொல்லவே முடியாது என்பதில்தான் தங்கள் பெருமை இருக்கிறது. 2023 மார்ச்சில் மூன்று எண்ணெய் நிறுவனங்கள் வழியாக 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்கள் வைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கி, அதில் 560 கோடியை முதல் தவணையாகவே கொடுத்தார்கள். 2024இல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜருக்கென்றே 2,000 கோடி. கும்பாபிஷேகச் செலவுக்கு இந்த நாட்டில் என்றைக்கும் குறைவு வந்ததில்லை. எத்தனை வைத்தோம் என்ற கணக்கு நாடாளுமன்றத்தில் கேட்டால் உடனே வருகிறது. வைத்ததில் நேற்றிரவு எத்தனை ஓடின என்று யாராவது கேட்டால் நான் தேங்காய் உடைக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலை வழக்கத்தைச் சொன்னால் தங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு மெஷினை வாங்கி வைத்துவிட்டோம் என்று எங்கள் முதலாளியிடம் யாரும் பெருமைப்பட முடியாது. மூன்று ஷிப்டில் அது எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது, யார் வந்து பார்த்தது, எல்லாம் போர்டில் எழுத வேண்டும். நாங்கள் அனுப்பிய ஹார்னஸில் ஒரு கனெக்டர் லூஸாக இருந்து பெரிய கம்பெனியில் லைன் நின்றால், நின்ற நேரத்துக்குக் கணக்குப் போட்டு டெபிட் நோட் வரும். எங்கள் ஆள் நடுராத்திரியில் பைக் எடுத்துக்கொண்டு ஓடுவான். ஒரு கனெக்டர், சின்ன விரல் அளவு. அதே வண்டி அந்த கேட்டைத் தாண்டி வெளியே வந்து தண்டலத்தில் நின்றால், அதற்கு டெபிட் நோட் யார் பெயருக்கு?

சீமையில் இதற்கு ஒரு விதி செய்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2023இல் போட்டது. விரைவு சார்ஜர்களை நடத்தும் நிறுவனம் ஆண்டு சராசரியாக 99 சதவீத நேரம் அவற்றை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும், ஆப் இல்லாமல் கார்டைக் காட்டிக் காசு கட்ட வழி இருக்க வேண்டும், இருபத்து நான்கு மணி நேரமும் போன் எடுக்க ஆள் இருக்க வேண்டும், தவறினால் அபராதம். அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நெடுஞ்சாலையோரம் வைக்கும் சார்ஜருக்கு 97 சதவீதம் என்று வைத்தார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நான் சொல்லவரவில்லை. அங்கேயும் நடுரோட்டில் நின்றவர்கள் திட்டித்தீர்த்த பிறகுதான் இந்த விதியெல்லாம் வந்தது. நாங்களும் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே ஐயா, மானியத்தை வைத்ததற்குக் கொடுக்காமல் ஓடியதற்குக் கொடுக்கும்படி ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். ஓடாத மாதம் பணம் இல்லை என்று எழுதிவிட்டால் குருக்கள் சாவியோடு தண்டலத்திலேயே குடியிருப்பார், எனக்குச் சந்தேகமில்லை. ஆபரேட்டருடைய நம்பரை மெஷின் மேல் பெரிய எழுத்தில், தமிழில், மழைக்கு அழியாத பெயின்டில் எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரமாக சர்வரோடு பேசாத சார்ஜரை ஆப்பில் பச்சையாகக் காட்டினால் அதற்கும் ஓர் அபராதம். சார்ஜர் முன்னால் பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு உள்ளே ஏ.சி. போட்டுத் தூங்குகிறவர்களைப் பற்றித் தனிக் கடிதம் எழுதுகிறேன். அதில் மொழி சற்று வேறாக இருக்கும். ஆறுபடை வீட்டில் ஏழாவதாக எங்களைச் சேர்ப்பது தங்கள் சித்தம். சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சிவப்புப் பொத்தான்களைத் திருக ஒரு ஆளை ஒரு ஸ்கூட்டரில் அனுப்பிவைத்தால் போதும். பெட்ரோல் ஸ்கூட்டராக இருக்கட்டும், வந்து சேர வேண்டுமே.

இங்ஙனம்,
தங்கள் அடியார்க்கு அடியான்.

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கும்போது ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. என் புகார் வெற்றிகரமாகத் தீர்த்துவைக்கப்பட்டதாம். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தார்கள். உத்திரட்டாதி என்று போட்டு அனுப்பினேன். செல்லாத பதில் என்று திரும்பி வந்துவிட்டது. பரவாயில்லை ஐயா, தாங்கள் எந்த அலுவலகத்தில் எழுந்தருளியிருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிவியுங்கள். அர்ச்சனையை நாங்கள் குடும்பத்தோடு நேரில் வந்தே செய்துவிடுகிறோம். மாமியார் இப்போதே தயாராக இருக்கிறார்.